வெள்ளைக் கையுறை போட்ட ஊர்வலம்

மாரோ பெண்ட் ஊர் மேயர் ஒருமுறை ஜெப நேரத்தில் சபைக்குள் நுழையப் பார்த்தார். தேர்தல் வருடம். பின்னால் போட்டோக்காரர் வேறு. நடுவாசலில் நின்ற எர்லீன் மேப்ரி வெள்ளைக் கையுறை போட்ட வலது கையை மார்பளவு உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினாள். அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை. மேயர் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி பதினோரு நிமிடம் நின்றார். அன்றைக்குப் பாஸ்டருக்கும் நல்ல உற்சாகம், ஜெபத்தை முடிப்பேனா என்றார். 'ஆமென்' வந்த பிறகு எர்லீன் கையை இறக்கி, சிரித்த முகத்தோடு கடைசி பெஞ்சைக் காட்டினாள்.

மவுண்ட் ஹெர்மன் பாப்டிஸ்ட் சபையில் அவள் வாசல் ஊழியர்களின் தலைவி. நாற்பத்தொரு வருட ஊழியம். வார நாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஆயிரம் பிள்ளைகளுக்கு சோள ரொட்டி சுட்டுப் போட்ட கை அது. ஞாயிறானால் வெள்ளை உடை, வெள்ளை ஷூ, வெள்ளைக் கையுறை. வாசல் ஊழியத்தில் பேச்சுக் கிடையாது, எல்லாம் கைஜாடைதான். இரண்டு விரல் காட்டினால் அந்த வரிசையில் இரண்டு இடம் காலி. சட்டைக் காலரைத் தொட்டால் ஒரு பாட்டி மயங்கப் போகிறாள், விசிறியோடு ஓடி வா. காணிக்கைத் தட்டு எடுக்க இருபது பேர் ஒரே காலடியில் நடப்பதைப் பார்த்தால், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களே வாயைப் பிளப்பார்கள்.

அவளோடு பத்தொன்பது வருடமாக மல்லுக்கு நிற்பவர் சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன் ஹோசியா டிப்ஸ். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர்தான், ஆனால் காணிக்கை எடுக்கும்போது நாலு தாளக் கணக்கில் மூன்றாவது தாளத்திலேயே கையை நீட்டிவிடுவார். ஒவ்வொரு ஞாயிறும்.

"டீக்கன், நாலு. ஒண்ணு ரெண்டு மூணு நாலு. ஸ்கூல்ல சொல்லித்தரலையா?"

"சிஸ்டர் மேப்ரி, ரயிலு உங்க தாளத்துக்கா கிளம்புது? கர்த்தருக்குக் குடுக்கறதுல நான் கொஞ்சம் முந்திக்கறேன், அதுல உங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்?"

இப்படியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்த ஜூன் மாதம் இடி விழுந்தது.

ஜோ நெல் கிரென்ஷா சபையில் பியானோ வாசிப்பவள். எர்லீனின் கூட்டாளி, இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஜோ நெல்லின் ஒரே மகன் ஜாவோன், இருபத்திரண்டு வயது, டயர் கடையில் வேலை. ஒரு மாலை காரின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. இறங்கச் சொன்னார்கள். இறங்கினான். நில் என்றார்கள். நின்றான். சுட்டுவிட்டார்கள். பொழுது இன்னும் சாயாத நல்ல வெளிச்சம், கோழிக்கறிக் கடை வாசல், அவன் கையில் ஒரு குண்டூசி கூட இல்லை.

மறுநாள் போலீஸ் அறிக்கை வந்தது. 'சந்தேக நபர் கையைப் பின்னால் கொண்டுபோய் மறைத்தார். அதிகாரி தன் உயிருக்கு அஞ்சினார்.' இந்த வாக்கியம் எங்கள் கறுப்பு ஜனங்களுக்குப் புதிதா என்ன? ஆளையும் தேதியையும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். தூங்கினவன் இடுப்பைத் தொட்டான் என்பார்கள், ஓடினவன் திரும்பிப் பார்த்தான் என்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய், அந்த வரியை நாங்கள் படிப்பதே இல்லை. பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டோம். சுட்டவன் பேரைச் சொல்லு, போலீஸ் காரில் இருந்த கேமரா படத்தைக் காட்டு என்று தெருவில் இறங்கினோம்.

முதல் ஊர்வலத்தில் யாரோ பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எறிந்தான். கண்ணீர்ப் புகை. இரண்டாவது ஊர்வலத்தில் பாட்டில் இல்லை, தள்ளுமுள்ளு. பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாமல் முட்டித்தள்ள, முன்வரிசை போய் போலீஸ் கேடயத்தின் மேல் விழுந்தது. லத்தி, புகை, நாற்பது பேர் கைது. ஜோ நெல் கீழே விழுந்து மணிக்கட்டு பிசகியது. இன்னொரு தடவை கலவரம் நடந்தால் ஊர்வலமே கிடையாது, அனுமதி தரமாட்டேன் என்று மேயர் டிவியில் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் சபைச் சமையலறையில் எர்லீன் கெளுத்தி மீனுக்கு மாவு புரட்டிக்கொண்டிருந்தாள். ஜோ நெல் வந்து கட்டுப் போட்ட கையோடு எதிரே உட்கார்ந்தாள். 

"எர்லீன், ஒண்ணு கேப்பேன். பொய் சொல்லக்கூடாது."

"உங்கிட்ட நான் என்னைக்கு பொய் சொன்னேன்? அந்த பச்சைத் தொப்பி நல்லாருக்குன்னு சொன்னேனே, அது ஒண்ணுதான்."

ஜோ நெல் சிரிக்கவில்லை. "அவன் கையில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லன்னு அவங்களே எழுதியிருக்காங்களேடி."

"அப்ப ஏன் பின்னால கொண்டு போனான்? கோழிக்கடைக்கார அம்மாவும் பாத்தேன்னு சொல்றா. போலீஸ்காரன் பொய் சொல்லுவான். அவ எதுக்குச் சொல்லணும்? ஊரெல்லாம் எம்புள்ள பேரைச் சொல்லிக் கத்துது. நான் மட்டும் படுத்துக்கிட்டு, எதை மறைச்சடா, எதை மறைச்சடான்னு செத்தவனைக் கேட்டுக்கிட்டிருக்கேன். பெத்தவ நான், எம்புள்ளய நானே சந்தேகப்படறேன். அந்த ஸ்டேஷன் கதவு வரைக்கும் போயி, மூஞ்சிக்கு நேரா கேக்கணும். ரெண்டு தடவயும் கதவுகிட்டயே போக முடியலயே!"

எர்லீன் எழுந்தாள். மாவுக் கையோடு அவள் தோளைப் பிடித்தாள். "உன் கல்யாணத்துக்கு உன்னை உள்ள கூட்டிட்டுப் போனது நானு. ஜாவோன் பெட்டிக்குப் பக்கத்துல உன்னை உட்கார வெச்சதும் நானு. அந்தக் கதவு வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன். ஆமா."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தாள்.

ஊர்வலத்தை நடத்துகிற இளைஞர்களின் கூட்டம் புதன்கிழமை. தலைமை இமானி என்கிற சட்டக் கல்லூரிப் பெண். மெகாபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தூங்குவாள் என்று ஊரில் கேலி உண்டு. எர்லீன் எழுந்து சொன்னாள்: "உங்க ஊர்வலத்துல எல்லாம் இருக்கு. வாசல்ல ஆளு இல்ல. யாரு எங்க நிக்கணும், எப்ப நிக்கணும்னு சொல்ல ஒரு நாதி இல்ல. இருபத்துநாலு பேரை நான் கூட்டிட்டு வரேன்."

"மிஸ் எர்லீன், இது போராட்டம். ஈஸ்டர் ஆராதனை இல்ல" என்றாள் இமானி.

"கண்ணு, ஈஸ்டருக்கு எங்க சபையில தொள்ளாயிரம் பேரு வருவாங்க. எல்லாரும் புதுத் தொப்பி. எல்லாருக்கும் முன்வரிசை வேணும். அதை நீ ஒரு தடவை சமாளிச்சுப் பாரு. அப்புறம் போலீஸெல்லாம் உனக்குத் தூசு."

கூட்டம் சிரித்தது. இமானியும் சிரித்துவிட்டாள்.

மூன்று மாலைகள் சபையின் கீழ்த்தளத்தில் பயிற்சி. மூன்று சபைகளிலிருந்து இருபத்துநாலு வாசல் ஊழியர்கள். தபால்காரர், நர்ஸ், முடிதிருத்துபவர், பஸ் ஓட்டுகிற இரட்டைச் சகோதரிகள், டீக்கன் டிப்ஸ். கை உயர்ந்தால் நிற்க வேண்டும். கை தாழ்ந்தால் நடக்க வேண்டும். காலரைத் தொட்டால் பக்கத்தில் வம்பு கிளம்புகிறது, இரண்டு பேர் அங்கே போங்கள். எர்லீன் கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். சூயிங்கம் மென்ற தபால்காரரிடம் கைக்குட்டையை நீட்டித் துப்ப வைத்தாள். எல்லாவற்றையும் யோசித்தாள்: தண்ணீர், புகைக்கு ஈரத் துணி, சக்கர நாற்காலி, கைதானால் கூப்பிட வேண்டிய வக்கீல் நம்பர். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அதை யோசிக்க வேண்டும் என்று எங்கள் ஜனத்தில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. அடேயப்பா, அந்த அழகை என்ன சொல்ல! ஆயிரத்துக்கும் மேல் ஜனம். இரண்டு ஓரத்திலும் பத்தடிக்கு ஒரு வெள்ளைக் கையுறை. எர்லீன் முன்னால் நடந்தாள், அவள் பக்கத்தில் ஜோ நெல். முக்குத் திரும்பும் இடத்தில் வழக்கமாக இடிபடும் கூட்டம், அவள் கை உயர்ந்ததும் சட்டென்று நின்றது. நின்ற செய்தி கையுறை கையுறையாகப் பின்னால் போய், கடைசி ஆள் வரை அரை நிமிடத்தில் சேர்ந்தது. எவனோ ஒருவன் கல்லைக் குனிந்து எடுத்தான். இரட்டைச் சகோதரிகள் இரண்டு பக்கமும் போய் நின்று அவனைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். கல்லைக் கீழே போட்டுவிட்டு, "சாரி ஆண்ட்டி" என்றான்.

இமானி ஓடிவந்து எர்லீன் காதில், "மிஸ் எர்லீன், உங்களுக்குக் கோயிலே கட்டலாம்" என்றாள்.

"கோயில் இருக்கு. அதுக்குக் கூரை ஒழுகுது, அதைச் சரி பண்ணு போதும்."

போலீஸ் நிலையத்தின் முன்னால் கேடய வரிசை. தலைக்கவசம், லத்தி, பின்னால் துப்பாக்கிகள். முப்பது அடி தூரத்தில் எர்லீன் கையை உயர்த்தினாள். ஊர்வலம் நின்றது. ஏற்கெனவே பழக்கியபடி இருபத்துநாலு பேரும் ஓரங்களிலிருந்து வந்து, ஜனத்துக்கும் போலீஸுக்கும் நடுவே குறுக்கே ஒரே வரிசையாக, போலீஸைப் பார்த்து நின்றார்கள். இனி பின்னாலிருந்து யார் தள்ளினாலும் முன்னால் விழாது. எர்லீன் மனதுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள்.

வாசல் ஊழியர் வரிசையில் வந்து நின்றால் அடுத்து என்ன செய்வார்? இடது கை முதுகுக்குப் பின்னால் போகும். இடுப்புக்கு மேல், முதுகோடு ஒட்டி, மூடிய கை. அதுதான் ஊழிய நிலை. எனக்காக எதுவும் எடுத்துக்கொள்ள மாட்டேன், உன் சேவைக்கு நிற்கிறேன் என்று அர்த்தம். அதைச் சொல்லிக்கொடுப்பது சிறு வயதில் ஒரே ஒரு தடவை. அப்புறம் அது மூச்சு விடுவது மாதிரி. ஒருத்தரும் யோசித்துச் செய்யவில்லை. இருபத்துநாலு இடது கைகள் ஒரே நொடியில் முதுகுக்குப் பின்னால் மறைந்தன.

கேடய வரிசைக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிகள் தோளுக்கு ஏறின.

"கையைக் காட்டு! கையைக் காட்டு!"

"அசையாத! அசைஞ்சா சுட்டுருவோம்!"

இரண்டையும் ஒரே மூச்சில் கத்தினார்கள். ஒன்றைச் செய்தால் இன்னொன்றை மீற வேண்டும். இந்தப் புதிரை எவன் கண்டுபிடித்தானோ, அவன் கையில் கட்டி முளைக்க!  நர்ஸம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆளாளுக்குக் கையை வெளியே இழுத்தால் ஒருவர் முந்துவார், ஒருவர் வெடுக்கென்று இழுப்பார், ஒரு விரல் துப்பாக்கி விசையை அழுத்தும். அதற்குப் பிறகு எத்தனை பேர் என்று யார் கண்டது?

 நான்தானே நிறுத்தினேன், நான்தானே இவர்களைக் கொண்டுவந்து துப்பாக்கி முன்னால் நிறுத்தினேன் என்று எர்லீனின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் கால் நகர்ந்தது. இரு கைகளையும் விரித்துக் காட்டியபடி வரிசைக்கு முன்னால் போய், திரும்பி நின்றாள். துப்பாக்கிகளுக்கு முதுகு. அவள் முகம் தன் ஆட்களைப் பார்த்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். இருபத்துநாலு மடங்கிய முழங்கைகள். கையுறை தெரியவில்லை. முன்னாலிருந்து பார்த்தால் எல்லோரும் எதையோ மறைப்பது மாதிரிதான் இருந்தது. ஒன்பது வயதிலிருந்து பதினேழு வயது வரை சபையின் பக்கவாசலில் வாசல் ஊழியனாக இதே மாதிரி நின்றவன் ஜாவோன். பெரியவர் யாராவது 'நில்' என்றால் அந்தப் பிள்ளைக்கு ஒரே விதமாகத்தான் நிற்கத் தெரியும். தோளைப் பிடித்து, முதுகை நிமிர்த்தி, அந்த இடது கையை மடக்கிப் பின்னால் வைத்துக் காட்டியவள் இவள்.

ஐயோ என்று வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. கத்தினால் இருபத்துநாலு பேர் திடுக்கிடுவார்கள்.

வலது கையை மெதுவாகப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பினாள். காணிக்கை ஜாடை. நாலு தாளம். வலது காலால் தரையைத் தட்டினாள்.

ஒன்று. இருபத்துநாலு தோள்கள் தளர்ந்தன.

இரண்டு. கைகள் முதுகை விட்டு விலகி இடுப்புப் பக்கம் வந்தன.

மூன்று. எர்லீன் டீக்கன் டிப்ஸையே பார்த்தாள். பத்தொன்பது வருடமாக மூன்றில் கையை நீட்டுகிற மனுஷர். அவர் நெற்றியில் வியர்வை ஓடியது. தாடை இறுகியது. கை அசையவில்லை.

நான்கு. இருபத்துநாலு வெள்ளைக் கையுறைகள் ஒரே வேகத்தில், காணிக்கைத் தட்டு வாங்குவது போல, மார்புக்கு முன்னால் வந்து விரிந்தன.

 எர்லீன் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "எல்லாம் வெறுங்கைங்க, ஆபீசர். இருபத்துநாலும் வெறுங்கை. நல்லா பாத்துக்கங்க." துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசித் துப்பாக்கி இறங்கும் வரை அவள் திரும்பவில்லை.

"நாலு" என்றார் டீக்கன் டிப்ஸ், குரல் உடைந்து. "எண்ணிட்டேன், சிஸ்டர்."

"பாத்தேன் டீக்கன். பாத்தேன்." அவர் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

பிறகு ஜோ நெல்லிடம் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று தேடினாள். மூன்று அடிதான் வழி. ஜோ நெல்லின் கண்கள் அந்த வரிசையிலேயே குத்தி நின்றன.

"ஜோ நெல், நம்ம ஜாவோன் எதையும் மறைக்கலடி. போலீஸ்காரன் நில்லுன்னு சொல்லியிருக்கான். இவன் நின்னிருக்கான். சபையில நிக்கற மாதிரி. நான் சொல்லிக்குடுத்த மாதிரி. இந்தக் கையாலதான் அவன் கையைப் பிடிச்சு பின்னால வெச்சேன். என்னைத் திட்டு. அடிக்கணும்னா அடி."

ஜோ நெல் திரும்பினாள். கட்டுப் போட்ட கை மேலே எழுந்தது. எர்லீன் அடி வாங்கத் தயாராக முகத்தைக் காட்டினாள். அந்தக் கை எர்லீனின் கழுத்தை வளைத்து இழுத்துக்கொண்டது.

"மரியாதையா நின்னானாடி?" என்றாள் ஜோ நெல், தோளில் முகத்தைப் புதைத்து. "எம்புள்ள மரியாதையாதான் நின்னானா?"

"ஆமாடி. நிமிந்து நின்னிருப்பான். அவன் மாதிரி நிக்க இங்க ஒருத்தனுக்கும் வராது."

"நீ மரியாதையைச் சொல்லிக்குடுத்த. சுட்டவன் வேற ஆளு. அந்தப் பாவத்தை நீ எடுத்துக்காத. அது அவனோடது." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வா. கதவுக்குப் போலாம்."

எர்லீன் வலது முழங்கையை மடக்கி நீட்டினாள். கல்யாணத்திலும் சாவிலும் குடும்பத்தாரை அழைத்துப் போகிற விதம் அது. ஜோ நெல் அதைப் பற்றிக்கொண்டாள். இருபத்துநாலு பேரும் விலகி நடுவில் வழிவிட்டார்கள், கைகள் எல்லாம் முன்னால், விரித்தபடி. கேடய வரிசையில் நின்ற தலைமை அதிகாரி என்ன நினைத்தாரோ, "ரெண்டு பேரு மட்டும்" என்று முணுமுணுத்து ஒதுங்கினார். வெட்கப்பட்டிருப்பார் என்று நான் நம்பமாட்டேன். இருநூறு செல்போன்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஓர் இளைய அதிகாரி. சுட்டவன் பேரைக் கேட்டாள் ஜோ நெல். சொல்ல முடியாது, விசாரணையில் இருக்கிறது என்றான். கேமரா படத்தைக் கேட்டாள். அதுவும் விசாரணையில். மனப்பாடம் செய்த பையனைப்போல ஒப்பித்தான்.

"சரி. அப்ப நான் சொல்றதை எழுதிக்கங்க" என்றாள் ஜோ நெல்.

"அம்மா, உங்க மகன் கையை மறைச்சார்னு அறிக்கையில..."

"அதுக்குத்தான் வந்திருக்கேன். எழுதுங்க."

"படிவத்துல அதுக்கு இடம் இல்லைங்க."

எர்லீன் குனிந்து அந்தப் படிவத்தைப் பார்த்தாள். "ஓரத்துல இவ்ளோ இடம் இருக்கு, தம்பி. மேலயும் இருக்கு. திருப்பினா அந்தப் பக்கம் பூரா வெள்ளை."

"நீங்க வெளிய காத்திருந்தா மேலதிகாரிகிட்ட கேட்டு..."

"இங்கயே காத்திருக்கோம்."

காத்திருந்தார்கள். பெஞ்சைக் காட்டினான், இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எர்லீனின் முழங்கால்கள் இரண்டும் புடைத்து வலித்தன. பல்லைக் கடித்துக்கொண்டாள். வெளியே ஜனம் பாடத் தொடங்கியது. அது அடங்கி மறுபடி தொடங்கியது. மேலதிகாரி வரவில்லை, போன் மட்டும் வந்தது, போனது. ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் கழித்து அந்த இளைஞன் பெருமூச்சு விட்டு, தாளைத் திருப்பி, பேனாவை எடுத்தான்.

ஜோ நெல் நிதானமாகச் சொன்னாள். அவன் எழுதினான். முடிந்ததும் தாளை உள்ளே வைக்கப் போனான்.

"படிச்சுக் காட்டிட்டு வைங்க" என்றாள் எர்லீன்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "என் மகன் ஜாவோன் கிரென்ஷா எதையும் மறைக்கவில்லை. நிற்கச் சொன்னார்கள். சபையில் கற்றுக்கொண்டபடி மரியாதையாக நின்றான். அப்படி நின்றவனைச் சுட்டார்கள்." படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசி வரி அரைகுறையாகத்தான் கேட்டது.

ஜோ நெல் எர்லீனின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"கடைசி வரி சரியா கேக்கல" என்றாள். "இன்னொரு தடவை படிங்க. சத்தமா."

அவன் எழுந்து நின்று படித்தான்.